சதிக் கோட்பாடுகள்: எதை நம்புவது, எதை விடுவது?

'சதி' என்றாலே சிலர் சிரித்து ஒதுக்குகிறார்கள். சிலர் கேட்டவுடன் நம்பிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. சதிகள் உண்மையிலேயே நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் டஸ்கிகீ நகரில் 1932 முதல் 1972 வரை, அரசின் சுகாதாரத் துறை சுமார் 400 கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய்க்குச் சிகிச்சை தராமல், அது எப்படி முற்றுகிறது என்று கவனித்துக் கொண்டிருந்தது. பெனிசிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்கவில்லை.

அப்படியானால் எப்படிப் பிரித்தறிவது? நான்கு கேள்விகள் உதவும்.

1. ஆதாரம் எங்கே? பெயர், தேதி, ஆவணம் வேண்டும். 'ஒரு டாக்டர் சொன்னாராம்' என்பது ஆதாரம் அல்ல.

2. எத்தனை பேர் வாய் மூடியிருக்க வேண்டும்? டஸ்கிகீ விஷயம்கூட உள்ளே பணியாற்றிய ஒருவர் பத்திரிகைக்குச் சொன்னதால்தான் அம்பலமானது.

3. 'இதனால் யாருக்கு லாபம்?' என்பதோடு நின்றுவிடுகிறதா? நோக்கம் இருப்பது சந்தேகத்துக்குக் காரணமாகலாம், சாட்சியாகாது.

4. பொய் என்றால் அது பொய்யென்று தெரிய வழி உண்டா? மறுப்பவர் எல்லோரும் 'சதியில் பங்காளி' என்றால், அதைச் சோதிக்கவே முடியாது.

போலியோ சொட்டு மருந்தை எடுத்துக்கொள்வோம். முஸ்லிம்களை மலடாக்கவே அது தரப்படுகிறது என்ற வதந்தி பல நாடுகளில் பரவியது. 2011-ல் பின்லேடனைத் தேடிய சிஐஏ, அபோதாபாதில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முகாம் என்ற போர்வையில் உளவு பார்த்தது. இது உண்மை. வதந்திக்கு அது வலுச் சேர்த்தது. ஆனால் முகாம் உளவுக்குப் பயன்பட்டது என்பதால், மருந்து மலடாக்கும் என்று ஆகிவிடாது. இந்தியாவில் 1995-லிருந்து கோடிக்கணக்கான குழந்தைகள் அந்தச் சொட்டு மருந்தைக் குடித்தார்கள். அவர்களில் பலர் இன்று தாய் தந்தையர். மருந்தை மறுத்த வீடுகளில்தான் பிள்ளைகள் கால் முடங்கும் ஆபத்தில் விடப்பட்டனர்.

இதே பாணி வதந்தி நம் மீதும் பாய்ந்ததுண்டு. 2018 பிப்ரவரியில் இலங்கையின் அம்பாறையில், முஸ்லிம் உணவகத்தின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகச் சொல்லிப் பள்ளிவாசலையும் கடைகளையும் தாக்கினார்கள். பரிசோதனையில் அது வெறும் மாவுக் கட்டி என்று தெரிந்தது.

நமக்கெதிரான வதந்திக்கு ஆதாரம் கேட்கும் நாம், நமக்குப் பிடித்த வதந்திக்கும் அதே ஆதாரத்தைக் கேட்க வேண்டும். பார்வர்டு செய்வதற்கு முன் அந்த நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.