அந்தி நேரத்துக் கண்ணாடி

மானும் பன்றியும் சிறுத்தையும் மனிதனுடைய ஆபீஸ் நேரத்தை மதிப்பதில்லை. வெயில் தாழ்ந்து, மாடுகள் கொட்டிலுக்குத் திரும்பி, வீடுகளில் விளக்கு வைக்கிற வேளையில்தான் அவை புதரை விட்டுத் தலை நீட்டும். வேட்டைக்காரனுக்கு வாய்ப்பதெல்லாம் அந்த அரை மணியோ முக்கால் மணியோதான். அவன் கண் மங்குகிற சமயத்தில் மிருகத்தின் கண் விழித்துக்கொள்கிறது. மானுக்கும் சிறுத்தைக்கும் விழித்திரைக்குப் பின்னால் பளபளப்பான ஒரு சவ்வு உண்டு. உள்ளே புகுந்த வெளிச்சத்தை அது இன்னொரு முறை விழித்திரைக்கே திருப்பி அனுப்பும். லாரி விளக்கில் பூனைக் கண் நெருப்பாய் ஜொலிப்பது அதனால்தான். நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

நான் துப்பாக்கி பிடித்தவன் அல்ல; கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் இந்த அரை மணி நேரத்தை இன்னும் கொஞ்சம் இழுத்து நீட்டுவதற்காக மனிதன் நூறு வருஷத்துக்கு மேலாகப் பட்ட பாட்டைப் படிக்கப் படிக்க எனக்கு ருசி தட்டிவிட்டது.

மங்கலில் குறி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையின் சரித்திரம் ஒன்றே போதும். கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை வழியில், கட்வால் மலைகளில், 1918 முதல் 1926 வரை அது சர்க்கார் கணக்குப்படி 125 பேரைக் கொன்றது. 1921ல் இரண்டு இளம் ஆங்கில அதிகாரிகள் அங்கே இருந்த தொங்கு பாலத்தின் இரண்டு முனைகளிலும் ஏறி, இரவு இரவாகக் காத்திருந்தார்கள். ஒரு நாள் சிறுத்தை பாலத்தின் மேல் நடந்து வந்தது. ஒருவர் ரைபிளால் சுட்டார். அது பாய்ந்து ஓடவே, மற்றவர் தம் ரிவால்வரில் இருந்த குண்டுகளையெல்லாம் தீர்த்தார். காலையில் பார்த்தால் பாலத்தில் ரத்தம் கிடந்தது, சிறுத்தையைக் காணோம். சில மாதம் ஒரு சாவும் இல்லை. ஒழிந்தது சனியன் என்று ஜனங்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். பிறகு மறுபடியும் ஆரம்பித்தது. 1926 மே 2ந் தேதி ஜிம் கார்பெட் அதைக் கொன்றபோது, அதன் பாதத்தில் பழைய குண்டுக் காயம் ஒன்று இருந்தது. பாலத்தில் பட்ட குண்டுக்கும் கடைசிக் குண்டுக்கும் நடுவே ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷத்தில் செத்தவர்களுக்குப் பெயர் உண்டு, பிள்ளை குட்டிகள் உண்டு.

கார்பெட் அன்றிரவு ஒரு மாமரத்தில் பரண் கட்டி, ரைபிளோடு ஒரு மின்சார டார்ச்சையும் பொருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே ஆடு. அதன் கழுத்து மணி சட்டென்று ஒலித்ததும் பொத்தானை அழுத்தினார், சிறுத்தையின் தோள் தெரிந்தது, சுட்டார். உடனே டார்ச் அணைந்துவிட்டது! தென்னாட்டில், ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் அலைந்த பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சனும் டார்ச்சை நம்பியவர்தான். நம் தேசத்து ஷிகாரிக்கு இருட்டைக் கடக்க அதுவே வழியாக இருந்தது.

சாதாரணத் துப்பாக்கியில் பின்னால் ஒரு வெட்டு, முனையில் ஒரு மணி. வெட்டுக்குள் மணியை நிறுத்தி, மணியை மிருகத்தின் மேல் நிறுத்த வேண்டும். கையருகே ஒன்று, குழாய் முனையில் ஒன்று, நூறு கெஜத்தில் ஒன்று: மூன்றையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்கும் சக்தி எந்தக் கண்ணுக்கும் இல்லை. பகலில் எப்படியோ சமாளிக்கலாம். அந்தியில் முதலில் மறைவது அந்த மணிதான். அதற்காகத் தந்தத்தில் மணி வைத்துப் பார்த்தார்கள். வெள்ளைத் துணியைக் குழாய் முனையில் சுற்றிப் பார்த்தார்கள். தொலைநோக்கி இந்தத் தொல்லையை வேரோடு பிடுங்கிற்று. குறியும் மிருகமும் ஒரே தளத்தில் தெரியும். கண் அங்கும் இங்கும் ஓட வேண்டியதில்லை.

1880 வாக்கில் ஆஸ்திரியாவில் ஆகஸ்ட் ஃபீட்லர் என்ற வன அதிகாரி துப்பாக்கிக்கு ஏற்ற தொலைநோக்கி ஒன்றைச் செய்தார். 1898ல் வியன்னாவில் கார்ல் ராபர்ட் காலெஸ் இதற்கென்றே தொழிற்சாலை தொடங்கினார். இந்தக் கருவி ஜெர்மானியக் காடுகளின் பிள்ளை என்றே சொல்லலாம். அங்கே வேட்டைக்காரன் மர ஏணி வைத்த உயரமான மேடையில் மணிக்கணக்காகக் காத்திருப்பான். டார்ச் அடிப்பதை அந்த நாட்டுச் சட்டம் ஒப்பவில்லை. இருக்கிற வெளிச்சத்தைக் கொண்டுதான் காரியம் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு வருகிறது. இன்டர்மீடியட்டோடு எனக்கும் கணக்குக்கும் உறவு முறிந்துபோயிற்று. ஆனால் இது வகுத்தல்தான், பயப்பட வேண்டாம். கண்ணாடியின் மேல் 8×56 என்று போட்டிருந்தால், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 56 மில்லிமீட்டர் என்று அர்த்தம். 56ஐ 8ஆல் வகுத்தால் 7. கண்ணாடியை ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் பின்பக்கத்தில் காசு போல ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அதன் அகலம் அந்த 7 மில்லிமீட்டர். வாலிபனின் கண்மணி இருட்டில் ஏறக்குறைய அவ்வளவுதான் விரியும். பூட்டுக்குச் சாவி போலப் பொருந்துகிறது. ஐம்பதைத் தாண்டியவனுக்குக் கண்மணி 5 மில்லிமீட்டர் விரிந்தால் அதிகம். அவன் 8×56 வாங்கிச் சுமந்தாலும், உள்ளே போவது 40 மில்லிமீட்டர் கண்ணாடி தரும் வெளிச்சந்தான். கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அவர்கள் சொல்வது வேறு. வெளிச்சத்தை வாரிச் சேர்க்கும் என்பார்கள். எந்தக் கண்ணாடியும் ஒரு புல்வெளியை அது இருப்பதைவிடப் பிரகாசமாகக் காட்டாது. அதே மங்கலைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவே. பெரிதாகத் தெரிவதால் நாம் அடையாளம் கண்டுகொள்கிறோம். ‘அந்தி எண்’ என்றும் ஒன்று சொல்வார்கள்: 8ஐயும் 56ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 21.2 வரும். எண் பெரிதானால் கண்ணாடி நல்லதாம். 20×25 என்று ஒரு கண்ணாடி இருந்தால் அதற்கு 22.4 வரும்! அதன் வெளிச்ச வட்டமோ ஒன்றேகால் மில்லிமீட்டர். விளக்கு வைத்த பிறகு அதில் ஒன்றும் தெரியாது. கண்ணாடி சுத்தமானதா, மட்டமானதா என்றும் அந்த எண்ணுக்குத் தெரியாது.

கண்ணாடியின் தரம் என்கிறபோது அலெக்ஸாண்டர் ஸ்மாகுலாவைச் சொல்லாமல் விட முடியாது. உக்ரேனியர், 1900ல் பிறந்தவர், ஜெர்மனியில் ஜெனா நகரத்து ஸைஸ் தொழிற்சாலையில் விஞ்ஞானி. மெருகிட்ட கண்ணாடியின் ஒவ்வொரு முகமும், தன்மேல் படுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு நாலைந்து பங்கைத் திருப்பி விரட்டிவிடும். துப்பாக்கிக் கண்ணாடிக்குள் பல வில்லைகள். பத்து முகம் என்று வைத்துக்கொண்டாலும் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே போயிற்று. போவதோடு நில்லாமல் உள்ளேயே அலைந்து காட்சியின் மேல் வெண் திரை போலப் படியும். பழைய வில்லைகளில் கறை பிடித்தால் அவை புதியவற்றைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடுகின்றன என்பதை 1890களிலேயே இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் கவனித்திருந்தார். அழுக்குக்கு இப்படி ஒரு பெருமை! ஸ்மாகுலா அந்தக் கறைக்குப் பதிலாக, வெற்றிடத்தில் ஓர் உப்பை ஆவியாக்கி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சாக வில்லையின் மேல் படியவைத்தார். 1935ல் பேட்டன்ட் பதிவாயிற்று. ராணுவம் சும்மா விடுமா? யுத்தம் வரையில் அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. யுத்தம் முடிந்ததும் அமெரிக்கர்கள் ஸ்மாகுலாவைத் தங்கள் நாட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

வேட்டைக் கண்ணாடி யுத்தத்துக்குப் போனது அதுவே முதல் தடவை அல்ல. 1914, 15ல் ஜெர்மனியர் தங்கள் பிரபுக்களிடமிருந்தும் வேட்டைக்காரர்களிடமிருந்தும் கண்ணாடி பொருத்திய துப்பாக்கிகளைத் திரட்டிப் பதுங்கு குழிகளுக்கு அனுப்பினார்கள். மானைப் பார்க்கச் செய்த கண்ணாடி, விடியற்காலை மங்கலில் தலை தூக்கிய ஆங்கிலச் சிப்பாயைப் பார்த்தது.

ஒரு சமயம் நண்பர் ஒருவர் வீட்டில், துப்பாக்கியை விட்டுத் தனியாகக் கழற்றி வைத்திருந்த பழைய 8×56 ஒன்றை வாங்கிப் பார்த்தேன். கருக்கலில் மொட்டை மாடியில் நின்று அடுத்த தெருக் கிணற்றடியைப் பார்த்தேன். வெறுங்கண்ணுக்கு ஒரு கரும் பொதி. கண்ணாடியில் சுவரோரம் படுத்திருக்கும் கன்றுக்குட்டி. குறுக்குக் கம்பிக்குப் பதிலாக மூன்று தடித்த தூண்கள் இருந்தன. மயிரிழைக் கம்பி பகலுக்கு அழகு. அந்தியில் அது கரைந்து போய்விடும். தூண் போகாது.

நம் நாட்டில் 1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு ஷிகாரியின் கதை முடிந்தது. ஜெர்மனியில் முடியவில்லை. அங்கே சூரியன் மறைந்து ஒன்றரை மணி கழிந்தால் சட்டப்படி இரவு. இரவில் மானைச் சுடக் கூடாது. காட்டுப்பன்றிக்கு மட்டும் விலக்கு, அது பயிரை உழுதுவிடுகிறது என்பதால். நிலா வெளிச்சத்தில் பன்றிக்காகக் காத்திருப்பவனுக்காகத்தான் அந்தப் பெரிய 56 மில்லிமீட்டர்க் கண்ணாடி. 2020ல் அங்கே ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, இருட்டில் பார்க்கும் மின் கருவிகளைக் கண்ணாடியோடு சேர்த்துப் பொருத்தவும் வேட்டைக்காரர்களுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் இன்னொரு விதியும் அதே நாட்டில் உண்டு. குட்டிகள் தாமாகப் பிழைக்கும் வரை அவற்றை வளர்க்கும் தாயைச் சுடக் கூடாது. குட்டிகளோ முழங்கால் உயரப் புல்லில் மறைந்துவிடும். மேடையில் இருப்பவனுக்குக் குறி வைப்பது பெரிய காரியமல்ல. எதிரே நிற்கும் கருப்பு உருவத்தின் காலடியில் புல் அசைகிறதா என்று பார்ப்பதுதான் காரியம். கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமல் பத்து நிமிஷம், கால் மணி பார்ப்பான். நிலாவை மேகம் மூடும். தெரியாவிட்டால் குண்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, படி படியாக ஏணியில் இறங்கி வீட்டுக்கு நடப்பான்.