கண்டி நாட்டு வெடிமருந்தும் அது கற்பிக்கும் காவலும்

ஈழத்தின் கரையோரம் போர்த்துக்கேயர்க்கும் ஒல்லாந்தர்க்கும் ஆட்பட்ட பின்னரும், கண்டி 1815 ஆம் ஆண்டுவரை தன்னரசாய் விளங்கிற்று. மலையும் காடும் அதற்கு அரணாயின என்பர். அவ்வரணில் நின்று முழங்கிய துவக்குகளுக்கு மருந்து எங்ஙனம் கிடைத்தது என்பதும் ஆராயற்பாலதேயாம்.

இதற்குச் சான்று பகர்பவர் யோன் டேவி என்னும் ஆங்கிலப் படை மருத்துவர். 1816 முதல் 1820 வரை இலங்கையிற் பணியாற்றிய இவர், தாம் கண்டவற்றை 1821 இல் நூலாக வெளியிட்டார். நக்கிள்ஸ் மலைப்பகுதியில் மீமுரேயை அடுத்த குகையொன்றில் வெடியுப்பு எடுக்கப்பெற்றதை அவர் விரித்துரைக்கின்றார். குகை மண்ணைச் சாம்பலொடு கலந்து, நீர் விட்டு வடித்துக் காய்ச்சினர். அவ்வுப்பொடு கந்தகமும் கரியும் சேர்த்து, கற்களுக்கிடையே அரைத்தனர். அன்றேல் நெல் குற்றும் உரலில் இடித்தனர். கலவையை நனைத்தே இடித்துப் பின்னர் வெயிலில் உலர்த்தினர்.

இவ்வீரமே ஈண்டு நோக்கத்தக்கது. உலர்ந்த மருந்து உராய்வினாலும் சிறு பொறியினாலும் பற்றும். நனைந்தது எளிதிற் பற்றாது. ஆயினும் ஈரம் மட்டும் போதிய காவலன்று. இடிக்குங்கால் அது வற்றிவிடவும் கூடும். இங்கிலாந்தில் உலக்கை ஆலைகள் அடிக்கடி வெடித்தமையாலன்றோ 1772 ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைப் பெரும்பாலும் விலக்கிற்று!

சேமிப்பிலும் இத்தகைய பாடமுண்டு. 1654 இல் ஒல்லாந்து நாட்டு டெல்வ்ற் நகரின் மருந்துக்கிடங்கு வெடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஓவியர் பப்ரீசியசும் அவருள் ஒருவர். அதன் பின்னரே புதிய கிடங்கு நகருக்குப் புறத்தே எழுந்தது.

மன்னராட்சி மறைந்தும் இடியன் துவக்கு நாட்டுப்புறங்களில் மறைந்திலது. இலங்கையில் வெடிபொருளாக்கத்தை 1956 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. எனினும், அடுப்பங்கரை அருகே மருந்து உலர்த்துவோனும், வெற்றுத் தோட்டாவை மீள நிரப்புவோனும் பழைய பிழையையே புதிதாகச் செய்கின்றனர். அனுமதியின்றிச் செய்தவன், விரல் இழந்தும் தண்டத்துக்கு அஞ்சி வாய் திறவான். அதனால் அயலான் அப்பாடத்தைத் தன் கையாலேயே கற்க நேர்கின்றது.

டெல்வ்ற் நகரின் பிழை ஊரறிந்தது. ஆதலின் கிடங்கு இடம் மாறியது. மறைத்த பிழையோ எவரையும் காப்பதில்லை. வரலாறு வெற்றிகளை மட்டுமன்றி விபத்துகளையும் பொறித்து வைக்கவேண்டியதன் காரணம் இதுவேயாம்.