மூன்றாம் வகுப்பின் விலை

வளைகுடா நாட்டில் வேலை கிடைத்த இளைஞர் ஒருவருக்குப் பயணச்சீட்டு எடுப்பதற்காக, தண்டையார்பேட்டையில் உள்ள முகவர் ஒருவரிடம் அண்மையில் சென்றிருந்தோம். ஒரே விமானம்; புறப்படும் நேரமும் ஒன்று, சேரும் நேரமும் ஒன்று. ஆயினும் சிக்கன வகுப்புக் கட்டணத்தைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்காக இருந்தது வணிக வகுப்புக் கட்டணம். “முன்னாடி உட்கார்ந்தா முன்னாடியே போய்ச் சேர்ந்துடலாமா சார்?” என்று கேட்டுச் சிரித்தார் அந்த இளைஞர். நாமும் சிரித்தோம். ஆனால் அவ்வினா நம்மை விட்டு அகலவில்லை. கூடுதலாகக் கொடுக்கும் பணம் உண்மையில் எதை வாங்குகிறது?

விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் பேட்டைக்குச் சற்றே தெற்கில் இராயபுரம் இரயில் நிலையம் இன்றும் நிற்கிறது. 1856 ஜூலை முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டை நோக்கிப் புறப்பட்டது. தனித்தனித் தெருக்களில் வாழ்ந்த மக்களை ஒரே வண்டியில் ஏற்றியது இருப்புப்பாதையின் பெரும் புதுமை. ஏற்றிய கையோடு, கொடுத்த காசுக்கு ஏற்ப அவர்களை மீண்டும் பிரித்ததும் அதுவே.

அப்பிரிவின் கொடுமையைத் தம் உடலால் அறிந்து எழுதியவர் காந்தியடிகள். 1917 செப்டம்பரில் அவர் பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் மூன்றாம் வகுப்பில் வந்தார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. பெட்டியில் 22 பேர் அமரலாம் என்று எழுதியிருந்தது. படுக்க வசதி இல்லை. வழியில் இரண்டு இரவுகள். இராய்ச்சூரைத் தாண்டியபின் நெரிசல் தாங்க முடியாததாயிற்று. பணியாளர்கள் மேலும் ஆட்களை உள்ளே தள்ளுவதற்கு மட்டுமே வந்தார்கள். பெட்டியோ ஒருமுறைகூடப் பெருக்கப்படவில்லை. இராய்ச்சூரிலிருந்து சென்னை வரையிலான அந்தப் பாதையை நடத்திய கம்பெனியின் தலைமையகம் அந்நாளில் நம் இராயபுரத்தில்தான் இருந்தது.

அப்பயணத்தைப் பற்றி எழுதுகையில் காந்தியடிகள் ஒரு கணக்கைப் போட்டார். முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப் போல் ஐந்து மடங்குக்கு மேல். அப்படியானால் மூன்றாம் வகுப்பினருக்கு, முதல் வகுப்பு வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது, பத்தில் ஒரு பங்காவது கிடைக்கிறதா? இதோடு அவர் நிற்கவில்லை. மேல் வகுப்பாரின் ஆடம்பரச் செலவைச் சுமப்பதே மூன்றாம் வகுப்பு ஏழைகளின் காசுதான் என்றும் எடுத்துக்காட்டினார்.

இந்த ஏற்றத்தாழ்வு வெறும் அலட்சியத்தால் நேர்ந்ததா? 1849ஆம் ஆண்டிலேயே ஜூல் துப்புயீ என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் இதற்கு விடை கண்டிருந்தார். அவர் நாட்டில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகள் சில கூரையின்றி ஓடின. கூரை போட ஆகும் செலவு பெரிதன்று. கூரை போட்டுவிட்டால், இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக் கூடியவரும் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடுவாரே என்பதுதான் கம்பெனிகளின் அச்சம் என்றார் அவர். வசதி உள்ளவரை மிரட்டி மேலே அனுப்புவதற்காக ஏழை மழையில் நனைந்தான்!

வான்வழியின் கதையும் இதற்கு வெகுதூரம் விலகியதன்று. 1952இல் அட்லாண்டிக் மாக்கடலைக் கடக்கும் விமானங்களில் குறைந்த கட்டணச் சுற்றுலா வகுப்பு வந்தது. 1958இல் சிக்கன வகுப்பு. முழுக் கட்டணம் கொடுத்த வணிகர்கள், சலுகைச் சீட்டுக்காரர்களோடு தோளுரச அமர்வதை விரும்பவில்லை. 1970களின் பிற்பகுதியில் அவர்களுக்கென வணிக வகுப்பு தோன்றியது. ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் நேர்மையோடு ஏற்கவேண்டும். நெடுந்தொலைவு விமானங்களின் வருவாயில் பெரும் பங்கை முன்வரிசையாரே தருகிறார்கள். அகன்ற இருக்கைக்கு அதிகப் பணம் கொடுப்பது தன்னளவில் பாவமன்று. கடைசி வரிசையில் இருப்பவனுக்கு மனிதனுக்குரியது கிடைக்கிறதா என்பதே கேள்வி.

இக்கேள்வியை இருப்புப்பாதைக் கம்பெனியிடம் கேட்குமுன் நம்மிடமே கேட்டுக்கொள்வது நலம். நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்தில், சாதியின் பெயரால் இறைமக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. ஒரே பலிபீடம், ஒரே அப்பம், ஆனால் இரண்டு பக்கங்கள். அங்கே இடத்தைத் தீர்மானித்தது காசு அன்று, பிறப்பு. பகட்டாக உடுத்தி வந்தவனுக்கு நல்ல இடமும், கந்தையோடு வந்தவனுக்குக் கால்மாட்டில் இடமும் காட்டும் சபையை யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். அவர் கடிந்தது அயலாரை அன்று, நம்பிக்கையாளர்களையே.

மாற்றம் இயலாததும் அன்று. 1974இல் இந்திய இரயில்வேயில் மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் மறைந்தது. பெயர் போயிற்று, பலகை இருந்தது. பின்னர் 1977இல் இரயில்வே அமைச்சரான மது தண்டவதே, இரண்டாம் வகுப்பின் மரப்பலகைப் படுக்கைகளுக்கு நுரைமெத்தை இடச் செய்தார். எவருடைய மெத்தையையும் அவர் பறிக்கவில்லை. மெத்தையே காணாதவருக்கு ஒன்றைக் கொடுத்தார். நம் நகரின் மெட்ரோ இரயிலிலும் தொடக்கத்தில் இருமடங்குக் கட்டணத்தில் முதல் வகுப்பு இருந்தது. 2020இல் அது மகளிர்க்குரிய இடமாக மாற்றப்பட்டது. எனவே 2021 பிப்ரவரியில் மெட்ரோ நம் தண்டையார்பேட்டைக்கு வந்தபோது, முதல் வகுப்பு இல்லாமலே வந்தது!

அந்த இளைஞர் சிக்கன வகுப்பில் பறந்து சென்றார். முழங்கால் முன்னிருக்கையில் இடித்ததாகத் தொலைபேசியில் சொன்னார். எனினும் குடிக்க நீரும், சூடான உணவும், தூய கழிப்பறையும் கிடைத்தனவாம். 1917இன் பயணிக்குக் கிடைக்காதவை இவை. ஆனால் பண்டிகைக் காலங்களில் முன்பதிவில்லாப் பெட்டியின் வாயிலில் தொங்கிக்கொண்டு நம் நகரை வந்தடையும் தொழிலாளரைக் காணும்போது, காந்தியடிகளின் கணக்கு இன்னும் முடியவில்லை என்றே தோன்றுகிறது. கடைசி இருக்கையில் அமர்ந்திருப்பவனை வைத்தே ஒரு வண்டியை அளக்க வேண்டும்; ஒரு திருச்சபையையும் அப்படித்தான்.