அர்பத்நாட்டின் பெயர்

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. சென்னைக் கடற்கரைச் சாலையில் அர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. பாரி, பின்னி, அர்பத்நாட் என்று சேர்த்தே சொல்லப்பட்டுவந்த மூன்று பெரும் வணிக இல்லங்களில் ஒன்று அது. சில நாள்களுக்கு முன்புதான் அதன் லண்டன் கூட்டாளியான மக்ஃபேடியன் ரயில்முன் பாய்ந்து உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்.

மூழ்கிய வங்கியில் பணம் போட்டவனைப் பேராசைக்காரன் என்று சொல்லிவிடுவது நமக்கு எளிது. இங்கே அது பொருந்தாது. அக்காலத்து நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பு எங்கே போகக்கூடும் என்று எண்ணிப் பார்க்கலாம். நகை வட்டி தராது. நிலம் வாங்கினால் குத்தகை வசூலிக்க ஓர் ஆள் வேண்டும். கைமாற்றாக வட்டிக்கு விட்டால், திரும்பி வராதபோது நீதிமன்றப் படியேற வேண்டும். ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கும் கணவனை இழந்த பெண்ணுக்கும் இவையெல்லாம் இயலாத காரியங்கள். வெள்ளைக்காரக் கம்பெனியோ தவணை தவறாமல் வட்டி தந்தது. அதன் தலைவர் 'சர்' பட்டம் பெற்றவர். அவர்கள் நம்பியது வட்டி விகிதத்தையன்று, ஒரு பெயரை.

அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அர்பத்நாட் இன்றைய பொருளில் வங்கியே அன்று. ஒரு சில பங்காளிகளின் கூட்டு வணிகம். ஏற்றுமதியும் முகவாண்மையும் செய்துகொண்டே பொதுமக்களின் வைப்புத்தொகையையும் வாங்கியது. எந்தப் பணம் எந்தப் பெட்டிக்குப் போகிறது என்று கேட்க வெளியாருக்கு உரிமையில்லை. மயிலாப்பூர்ச் சேமிப்பு லண்டன் சூதாட்டத்தில் கரைந்தது இப்படித்தான். கம்பெனி பல ஆண்டுகளாகவே உள்ளே நொடித்திருந்தது பின்னர் தெரியவந்தது. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. வெள்ளைச் சமூகத்தின் உச்சியில் இருந்த ஒருவர் சிறைக்குப் போனது சென்னைக்குப் புதிது.

பணம் இழந்தோரின் பக்கம் நின்று வாதாடிய வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர், அதே வேகத்தில் உள்நாட்டார் வங்கி ஒன்றைத் தொடங்க முனைந்தார். (அரசியலில் மிதவாதியான இவர்தான், தீவிரவாதியான பாரதியின் பாடல்களை 1907இல் தம் செலவில் அச்சிட்டு வழங்கியவர் என்பது இலக்கிய வாசகர்கள் அறிந்ததே.) நகரத்தார் துணை நின்றனர். 1907 மார்ச்சில் இந்தியன் வங்கி பதிவாயிற்று; ஆகஸ்ட் 15 அன்று கதவு திறந்தது.

இதைச் சுதேசி எழுச்சியின் கதையாக மட்டும் படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எழுச்சி இருந்தது, உண்மை, வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியும் 1906 அக்டோபரில் உருவானதுதான். ஆனால் கையைச் சுட்டுக்கொண்ட ஊரிடமே மறுபடி பணம் கேட்பதற்கு உணர்ச்சி போதாது. இம்முறை வந்தது பங்குதாரர்களும் இயக்குநர்களும் தணிக்கைக் கணக்கும் உள்ள வரையறுக்கப்பட்ட கம்பெனி. கேள்வி கேட்க ஓர் இடம் உண்டாயிற்று. வேறுபாடு தோல் நிறத்தில் இருந்ததைவிட இதில்தான் அதிகம் இருந்தது.

எனினும், பணம் போட்டவனுக்குச் சட்டத்தின் காப்பு கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்ட பிறகே, 1962 ஜனவரியில் வைப்புத்தொகைக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. முதல் வரம்பு 1,500 ரூபாய். 2020இல் அது 5 லட்சமாயிற்று.

கடற்கரைச் சாலைக்கு இன்று ராஜாஜி சாலை என்று பெயர். அர்பத்நாட் இருந்த இடத்தைப் பிற்பாடு வாங்கியது இந்தியன் வங்கி.