கைராசியும் கணக்கும்

இதய ஆபரேஷனுக்கு சர்ஜன் தேடும்போது நம்மூரில் முதலில் விழும் சொல் 'கைராசி'. அது போதாது என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் சாட்சி.

1988இல் அங்குள்ள அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து நிபுணராகச் சேர்ந்தார் ஸ்டீபன் போல்சின். குழந்தைகளின் இதய அறுவைகள் வழக்கத்தைவிட நீண்டுகொண்டே போவதைக் கவனித்தார். சந்தேகப்பட்டதோடு நிற்காமல் இறப்புகளை எண்ணத் தொடங்கினார். மேலே இருந்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2001இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது: 1991 முதல் 1995 வரை, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள். போல்சின் அதற்குள் ஆஸ்திரேலியா போய்விட்டார்.

அறிக்கை சர்ஜன்களின் கையை மட்டும் குறை சொல்லவில்லை. குழுவாக இயங்காதது, சிகிச்சை இரண்டு கட்டிடங்களில் சிதறிக் கிடந்தது, கேள்வி கேட்க விடாத நிர்வாகம் எல்லாமே சேர்ந்துதான் அந்த இறப்புகள். பிறகுதான் பிரிட்டனில் சர்ஜன் பெயரோடு முடிவுகள் வெளியாகத் தொடங்கின.

அப்பாவுக்கு பைபாஸ் என்றானதும் நான் கேட்டவை இரண்டுதான். "வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க சார், அப்பா மாதிரி சர்க்கரை இருக்கறவங்க எப்படித் தேறினாங்க?" அடுத்தது, "ராத்திரி ஐசியுவில யார் பாத்துப்பாங்க?"

பிளந்த நெஞ்செலும்பு கூடவே இரண்டு மூன்று மாதம் ஆகும். சர்ஜனின் கை தொடுவது அதில் சில மணி நேரம்தான். மிச்ச நாளெல்லாம் மற்றவர்கள் கையில்.