ரிப்பன் கட்டடத்தில் இருந்து ஒரு பாட்டு வகுப்பு



பி.காம் படிக்கிறவனுக்கு சங்கீதத்தோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். எட்டாம் வகுப்பில் எங்கள் கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு நேராக 'இசை' என்று எழுதி ஒட்டியிருந்தது. வருஷம் முழுக்க அந்தப் பீரியடில் கணக்குதான் நடந்தது. அந்தக் கடுப்பில்தான் ரொம்ப நாள் கழித்து இதைத் தேடிப் படித்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டைக் கேட்கச் சொல்லித்தர நம் ஊரில் யாராவது முயற்சி செய்தார்களா? செய்திருக்கிறார்கள். அதுவும் வானொலியில்!

1924 மே 16-ம் தேதி சி.வி. கிருஷ்ணசுவாமி செட்டி என்பவர் நண்பர்களோடு சேர்ந்து 'மதராஸ் மாகாண வானொலி கிளப்' ஆரம்பித்தார். ஜூலை 31-ல் ஒலிபரப்பு தொடங்கியது. பாட்டும் பேச்சும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் பணம் போதவில்லை, 1927-ல் மூட வேண்டியதாயிற்று. (வரவுக்கு மேல் செலவு. எங்கள் அக்கவுண்ட்ஸ் புத்தகத்தில் சேர்க்க வேண்டிய உதாரணம்.) நல்லவேளையாக டிரான்ஸ்மிட்டரை காயலான் கடைக்குப் போடாமல் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ரிப்பன் கட்டடத்தில் இருந்து சொந்தமாக ஒலிபரப்பத் தொடங்கியது.

சாயங்கால நிகழ்ச்சியை மெரினா போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்து ஜனங்களுக்குக் கேட்க வைத்தார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. பள்ளி நாட்களில் மாலை 4 மணி முதல் 4.30 வரை மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்காக இசைப் பாடமும் கதையும் ஒலிபரப்பினார்கள்.

அரை மணி நேரம்தானே என்று தோன்றும். அந்தக் காலத்தில் பாட்டு கற்றுக்கொள்வது எப்படி என்று யோசித்தால்தான் அதன் அருமை புரியும். ஒன்று, நாதஸ்வரமோ தவிலோ வாசிக்கும் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் குருவின் வீட்டிலேயே வருஷக்கணக்கில் தங்கி எடுபிடி வேலை செய்து கற்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் வீட்டுக்கு வாத்தியார் வரவழைக்க வசதி வேண்டும். மாநகராட்சிப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதில் ஒன்றாவது இருந்திருக்கும்? அவர்களுக்கு மிச்சம் இருந்தது கோயில் திருவிழாவில் தூரத்தில் நின்று கேட்டு வரும் கேள்வி ஞானம்தான். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஃபீஸ் இல்லாமல், சாதி கேட்காமல், வகுப்பறைக்கே பாட்டு வந்தது.

இதே யோசனை வேறு நாடுகளிலும் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. லண்டனில் பி.பி.சி.யின் முதல் பள்ளி ஒலிபரப்பே இசை பற்றியதுதான்: 1924 ஏப்ரல் 4, பேசியவர் வால்ஃபோர்ட் டேவிஸ். அமெரிக்காவில் வால்டர் டாம்ராஷ் 1928 முதல் 1942 வரை என்.பி.சி. வானொலியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசையை ரசிக்கச் சொல்லிக்கொடுத்தார். அந்த வரிசையில் நம்ம மாநகராட்சியும் இருந்திருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை :-)

1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்ததும் மாநகராட்சியின் சேவை முடிவுக்கு வந்தது.

இன்னொரு பக்கம் சங்கீதம் காலேஜுக்குள் நுழைந்த காலமும் இதுதான். 1928-ல் மியூசிக் அகாடமி, 1929-ல் சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலை செட்டியாரின் இசைக் கல்லூரி, 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறை. அந்தத் துறையில் முக்கியமானவர் பி. சாம்பமூர்த்தி. 1931-ல் ஜெர்மனியின் மியூனிக் போய்ப் படித்து வந்தவர். பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்காகவே 'தி டீச்சிங் ஆஃப் மியூசிக்' என்று ஒரு புத்தகம் எழுதினார்.

ஆனால் பாடமாக மாறும்போது ஒரு ஆபத்தும் வருகிறது. 72 மேளகர்த்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். ச, ப மாறாது. மத்தியமம் 2 வகை, ரி-க சேர்க்கை 6, த-நி சேர்க்கை 6. பெருக்கினால் 2 × 6 × 6 = 72. ராகத்தின் பெயரிலேயே அதன் நம்பரும் இருக்கும். மாயாமாளவகௌளையில் 'மா' 5, 'யா' 1. திருப்பிப் போட்டால் 15. மேசகல்யாணியில் 'மே' 5, 'ச' 6, திருப்பினால் 65. (இது சமஸ்கிருத எழுத்து வரிசைக்குப் போட்ட கணக்கு, தமிழ் நெடுங்கணக்கில் சரிவராது.) எனக்கு இதெல்லாம் ஒரே மதியத்தில் பிடிபட்டுவிட்டது. பரீட்சை வைத்தால் நூற்றுக்கு நூறு வாங்குவேன். ஆனால் 'ஜனனி ஜனனி' பாட்டு கல்யாணி என்று இன்னொருத்தர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அது வரை நூறு தடவையாவது கேட்டிருப்பேன்!

சரி, இப்போது என்ன நிலைமை? கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி 6 முதல் 8 வரை 100 பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளியில் கலைக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும். தமிழக அரசு 2011-12-ல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பேரை நியமித்தது. வாரம் மூன்று அரை நாள் வேலை, ஆரம்பத்தில் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். மாதத்துக்கு 12 அரை நாள் என்று வைத்தால் ஒரு அரை நாளுக்கு 417 ரூபாய்கூட வரவில்லை. பிறகு உயர்த்தினார்கள், ஆனாலும் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடியதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். 2017-ல் சிறப்பாசிரியர் பணிக்கு அறிவித்த 1,325 இடங்களில் இசைக்கு 86. ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு பயம் தொடங்கிவிடும், அங்கே யார் ராகம் கேட்கப் போகிறார்கள்?

எங்கள் மறைமலை நகர் பக்கம் காது கூர்மைக்குப் பஞ்சமே இல்லை என்பதுதான் வேடிக்கை. அப்பா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. ஓடுகிற மோட்டார் பக்கத்தில் ஒரு நிமிஷம் நிற்பார், "பேரிங் போகப் போகுது" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்குமாம். எப்படிப்பா தெரியும் என்று கேட்டேன். "சத்தம் லேசா ஏறியிருக்கும்டா, கேட்டுக் கேட்டுப் பழகினது" என்றார். போன வாரம் அவரிடம் 'ஜனனி ஜனனி' போட்டுக் காட்டி, இதே மாதிரி வேறு ஏதாவது பாட்டு ஞாபகம் வருகிறதா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். மூன்று பாட்டு சொன்னார். அதில் இரண்டு கல்யாணி.