ஏரிக்கு முந்தைய மலை

கோடைக்கானலைப் பற்றிய நூல்களை அடுத்தடுத்து வாசிப்பவருக்கு 1845 என்ற ஆண்டு மனப்பாடமாகிவிடும். மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் நோய்க்கும் தப்ப முதலில் சிறுமலையைப் பார்த்தார்கள். அங்கே காய்ச்சல் விடவில்லை. பழனி மலைமேல் ஏறி இரண்டு வீடுகள் கட்டினார்கள். சார்லட் வைக்காஃப் எழுதிய நூற்றாண்டு நூல் தலைப்பிலேயே 1845-ஐத் தாங்கி நிற்கிறது. பிறகு வரிசை மாறுவதே இல்லை: கலெக்டர் லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்து ஏரி அமைத்தார், 1899-இல் சூரிய ஆய்வகம் வந்தது, 1901-இல் மிஷன் பள்ளி. தேதிகள் சரியானவைதான். ஆனால் இந்த நூல்கள் சொல்வது ஓர் ஏரிக்கரைக் குடியிருப்பின் வரலாற்றை. அதுவே மலையின் வரலாறாகப் படிக்கப்பட்டுவிட்டது. இந்தப் பிழைக்கு மறுப்பு வெளியே எங்கும் இல்லை, அதே நூல்களின் பக்கங்களுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதல் நில அளவையையே எடுத்துக்கொள்ளலாம். லெப்டினன்ட் வார்டு 1821-இல் மேலே ஏறியதைக் 'கண்டுபிடிப்பு' என்ற தொனியில்தான் சுற்றுலாக் கையேடுகள் சொல்கின்றன. அவர் ஏறிய வழி வெள்ளகவி வழி. வெள்ளகவி அப்போதே குன்னுவர் என்ற மலைக்குடியினர் வாழ்ந்த ஊர். ஊர் வழியாகப் போன ஒருவர் ஆளில்லாத மலையைக் கண்டுபிடித்தார் என்றால் எப்படி? 1906-இல் வெளியான பிரான்சிஸின் மதுரை மாவட்ட கெசட்டியர் இன்னும் தெளிவாகவே பேசுகிறது. தாராபுரம், காங்கேயம் பக்கத்திலிருந்து போருக்கோ பஞ்சத்துக்கோ தப்பிச் சில நூற்றாண்டுகளுக்கு முன் மலையேறியவர்கள் என்று குன்னுவர் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை அது பதிவு செய்கிறது. அவர்களுக்கும் முன்பிருந்தவர்களாகப் பளியரையும் புலையரையும் குறிப்பிடுகிறது. செண்பகனூர் இயேசு சபைக் குருக்களான ஆங்லாத்தும் நியூட்டனும் மலையெங்கும் அலைந்து கற்திட்டைகளை அளந்து எழுதியதைத் தொல்லியல் துறை 1920-களின் இறுதியில் தனி நூலாக வெளியிட்டது. 2000-களின் நடுவில் தொல்லியலாளர் கா. ராஜனின் குழு இதே மலையின் தாண்டிக்குடியில் அகழ்ந்து ஈமச்சின்னங்களை ஆராய்ந்தது. கற்திட்டை கட்டியவர்களின் வழிவந்தவர்களே இன்றைய மலைக்குடிகள் என்று வாதிட இந்தச் சான்று போதாது. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. மலை வெறுமையாக இருந்தது என்ற பேச்சை மட்டும் இனி எடுக்க முடியாது.

ஒரு நகரத்தைப் பற்றிய நூல் நகரம் தொடங்கிய இடத்தில் தொடங்குவதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நோரா மிட்செல் 1972-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வழியே வெளியிட்ட கோடைக்கானல் ஆய்வின் பொருளே மலைவாசத்தலம்தான். அவரிடம் போய் மலைக்கிராமமான பூம்பாறையின் வரலாறு எங்கே என்று கேட்பது அநியாயம். டேன் கென்னடியின் 1996-ஆம் ஆண்டு நூல் பிரிட்டிஷாரின் மலைவாசத்தலங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. மலையில் ஏற்கெனவே இருந்த மக்களை வெள்ளையர்கள் 'இயற்கையின் குழந்தைகள்' போலக் கற்பனை செய்துகொண்டதையும், நகரத்தை நடத்தியது சமவெளியிலிருந்து வந்த பெருங்கூட்டம்தான் என்பதையும் அவர் நன்றாகவே காட்டுகிறார். ஆனால் அவருடைய கவனம் சிம்லாவிலும் ஊட்டியிலும் டார்ஜிலிங்கிலும் விழுகிறது. நீலகிரித் தோடர்களைச் சுற்றி வளர்ந்ததைப் போன்றதொரு கற்பனைகூடக் குன்னுவரைச் சுற்றி வளரவில்லை. தமிழ் பேசிக்கொண்டு, படிக்கட்டு வயலில் விவசாயம் செய்துகொண்டிருந்தவர்களிடம் விசித்திரம் தேடி வந்தவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்? சமவெளிக்காரர்களைப் போலவே இருந்ததால் அவர்கள் எழுத்திலிருந்து விழுந்துபோனார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சுமந்தவர்களின் கதையும் இப்படித்தான். 1870-களில் ரயில் வந்து கோடை ரோடு நிலையம் அமைந்த பிறகும், 1910-களில் லாஸ் காட் சாலை முடியும்வரை, மேலே போக அடிவாரத்திலிருந்து செங்குத்தான மலைப்பாதைதான். துரைசானிகளும் குழந்தைகளும் டோலியில் போனார்கள். பெட்டி, கட்டில், பியானோ எதுவானாலும் மனிதத் தோளில்தான் ஏறியிருக்க வேண்டும். பயணிகளின் எழுத்தில் பாதையின் செங்குத்தும் பனியும் காட்சியும் விரிவாக வரும். தூக்கியவர்கள் 'கூலிகள்' என்ற பன்மையோடு நின்றுவிடுவார்கள்.

செடிகளுக்கு வாய்த்த கவனம் மனிதர்களுக்கு வாய்க்கவில்லை. தாவரவியலாளர் ஃபைசன் நீலகிரி, பழனி மலை உச்சித் தாவரங்களைப் படங்களோடு தொகுத்தார். கே. எம். மேத்யூ திருச்சி ரேப்பினட் ஹெர்பேரியத்திலிருந்து இந்த மலையின் தாவரங்களை 1999-இல் முழுமையாக நூலாக்கினார். இரண்டுமே பொறுமையின் சாதனைகள். ஆனால் அந்தத் தாவரங்கள் வளர்ந்த புல்வெளியைத் 'தரிசு' என்று பார்த்தே வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்கள் நடப்பட்டன. அரசுமணி குழுவினர் 2018-இல் வெளியிட்ட செயற்கைக்கோள் ஆய்வின்படி, 1973-க்குப் பிந்தைய 40 ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மலைக்குடிகளும் புல்வெளியை உழுதார்களே என்பது பொய்யான ஆட்சேபம் அல்ல. மரத்தோட்டங்களோடு விவசாயத்தையும் அந்த ஆய்வு காரணமாகச் சொல்கிறது. மலைக்குடிகளை வரலாற்றில் சேர்ப்பதென்றால் அவர்களை மாசற்றவர்களாக்குவது என்று பொருளல்ல. நிலத்தை மாற்றியவர்களின் கணக்கில் அவர்களுடைய பங்கையும் எழுதுவது. அந்த விவசாயத்தின் பெருமையான விளைச்சல் மலைப்பூண்டு. பூம்பாறையிலும் வில்பட்டியிலும் மன்னவனூரிலும் விளையும் அதற்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, ஊர்களின் பெயரில் அல்ல, 'கோடைக்கானல் மலைப்பூண்டு' என்றே கிடைத்தது. விற்பனைக்கு அதுதான் வசதி, மறுக்கவில்லை.

எழுத்துச் சான்றே விட்டுச்செல்லாதவர்களின் வரலாற்றை எதைக் கொண்டு எழுதுவது என்பதுதான் கடினமான ஆட்சேபம். நாவலைச் சான்றாக வைக்க முடியாது. லட்சுமி சரவணகுமாரின் 'கானகன்' பளியர் வாழ்வுக்குள் வாசகரை அழைத்துப்போனாலும் அது நாவல்தான். ஆனால் எழுதப்பட்டது மட்டுமே சான்று என்பதை இப்போது சட்டமே ஏற்பதில்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பே காட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும். காட்டைச் சார்ந்து வாழும் மற்றவர்களோ மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு காட்ட வேண்டும். அதன் விதிகள் எதையெல்லாம் சான்றாக ஏற்கின்றன என்று பார்த்தால், இடுகாடுகள், கட்டிய வரப்புகள், சமப்படுத்திய நிலம், ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாம் இருக்கின்றன. கூடவே கெசட்டியர்களும் நில அளவை, செட்டில்மென்ட் அறிக்கைகளும் இருக்கின்றன. மலைவாசத்தல வரலாற்றின் அடிக்குறிப்பாக மட்டும் வாசித்துவந்த பிரான்சிஸின் 1906-ஆம் ஆண்டுப் பக்கங்கள், இன்று பட்டா கேட்டு நிற்கும் ஒரு பளியர் குடும்பத்தின் மனுவில் இணைக்கத் தகுந்த ஆவணம்.